தாம்பரத்தில் காற்று திரும்பும் நேரம்

சேலையூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். சின்ன விமானம் ஒன்று எழும்பும், திரும்பும், ஓடுபாதையைத் தொடும், நிற்காமல் மறுபடி எழும்பும். எந்த ஊருக்கும் போகாது, செக்குமாடு மாதிரி அதே சுற்று.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பது வாத்தியார்களை உருவாக்கும் பள்ளி. 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் இங்கே வந்தது. ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்த விமானிகள், ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று படிக்க வருகிறார்கள். முப்படைகளிலிருந்தும் கடலோரக் காவல்படையிலிருந்தும் வருவார்கள், நட்பு நாடுகளிலிருந்தும் உண்டு.

செக்குமாட்டுச் சுற்றுக்கு சர்க்யூட் என்று பெயர். ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து வானத்தில் வரைந்த நீள்சதுரம். காற்றை எதிர்த்து எழும்பு, இரண்டு முறை திரும்பு, காற்றோடு போ, இன்னும் இரண்டு திருப்பம், அப்புறம் காற்றை எதிர்த்தே இறங்கு. அவ்வளவுதான். ஆனால் எல்லாமே காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

சென்னைக் கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் கிழக்குக்கு மாறிவிடும். நமக்கு அது வியர்வை காயும் நேரம். விமானிக்கோ நீள்சதுரமே தலைகீழாகிற நேரம். காலையில் இறங்கிய முனைக்கு எதிர் முனையிலிருந்து இப்போது எழும்ப வேண்டும்.

மாறாமலே இறங்கினால் என்ன? கணக்குக்கு, இறங்கும் விமானம் காற்றில் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வருகிறது, கடல்காற்று 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் தரையைத் தொடும்போது தரையைப் பொறுத்த வேகம் 125. காற்று முதுகைத் தள்ளினால் 175. பிரேக் கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் 1.4 மடங்கானால் ஆற்றல் 1.96 மடங்கு. அதே விமானம், அதே ஓடுபாதை, நிறுத்தும் வேலை மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இதைவிட வில்லங்கமானது கடைசித் திருப்பம். காற்று நேராக வராமல் சாய்வாக வந்து தள்ளினால், திரும்பி முடிப்பதற்குள் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடும். புதியவரின் கை தானாக ஸ்டிக்கை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் தூக்கவும் பிடிக்கும் கம்பை, இன்னும் சாய்த்து இழுக்கும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமப்பது இரண்டு மடங்கு எடை. நேராகப் பறக்கையில் 100 கி.மீ.யில் தூக்குவிசையை இழக்கும் இறக்கை, இப்போது 141 கி.மீ.யிலேயே கைவிட்டுவிடும். இதுதான் ஸ்டால். என்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிஞ்சிப்போய், மேற்பரப்பை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிய்த்துக்கொள்கிறது. மேலே என்றால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். கடைசித் திருப்பத்திலோ கீழே சில நூறு அடிதான் மிச்சம்.

இதைத் தெரிந்துவைத்திருப்பது ஒன்று, சொல்லிக்கொடுப்பது வேறு. கை ஓட்ட வேண்டும், வாய் விளக்க வேண்டும், இரண்டும் ஒரே நொடியில் பொருந்த வேண்டும். 'இப்போது திருப்புகிறேன்' என்ற சொல் திருப்பத்துக்குப் பின் வந்தால் பாடம் போச்சு. பழைய கிரண் விமானத்தில் இருவரும் அருகருகே உட்காருவார்கள், முகம் தெரியும். பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தில் வாத்தியார் பின் இருக்கையில். அவருக்குத் தெரிவது மாணவரின் ஹெல்மெட்டும், இணைத்திருக்கும் தன் ஸ்டிக்கில் உணரும் அசைவும்தான்.

சரி, மாணவர் தவறு செய்கிறார். உடனே பிடுங்கினால் அவர் கற்க மாட்டார், தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து. அந்த எல்லையைப் பழக்க இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு நாடகம் போடுவார்கள். முன் இருக்கையில் மூத்த பயிற்றுநர் ஒன்றும் தெரியாத மாணவராக நடிப்பார், வேண்டுமென்றே வேகத்தைக் குறையவிடுவார், திருப்பத்தைக் கோட்டை விடுவார். பின்னால் இருப்பவர் எப்போது வாயைத் திறக்கிறார், எப்போது கையை நீட்டுகிறார் என்பதுதான் அன்றைய தேர்வு.