பழுப்பு நிலமா, கறைநிலமா?

"பழுப்பு வயல் மறுவளர்ச்சியில் சிறுபான்மை வணிகப் பங்கேற்பு." அமெரிக்கச் செய்தி ஒன்றின் தமிழாக்கத்தில் போன வாரம் பார்த்த தலைப்பு இது. பழுப்பு வயல் என்றால் கதிர் முற்றிய வயல் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

மூலச்சொல் பிரவுன்ஃபீல்டு. கட்டடம் எதுவும் எழும்பாத புது நிலத்தைச் சொல்லும் கிரீன்ஃபீல்டுக்கு எதிர்ச்சொல். 2002ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தெளிவாகவே வரையறுக்கிறது: நச்சுப்பொருள் இருப்பதால், அல்லது இருக்கலாம் என்பதால், மறுபடி பயன்படுத்துவது சிக்கலாகக்கூடிய இடம். மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரை வெடித்துப் புல் முளைத்திருக்கும். அடியில் இரும்புத் தொட்டி. அது கசிந்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. கடன் கொடுக்க வங்கி தயங்க அந்தச் சந்தேகமே போதும்.

பழுப்பு என்றால் நமக்குப் பழுத்த இலையின் நிறம், நாள்பட்ட வேட்டியின் நிறம். அதில் நஞ்சும் இல்லை, சந்தேகமும் இல்லை. 'தரிசு' என்கிறார்கள் சிலர். உழாமல் போட்ட நிலம் தரிசு, உழுதால் விளையும். நான் கேட்பது கறைநிலம். களர்நிலம், உவர்நிலம் வரிசையில் இயல்பாக உட்காரும். மண்ணில் படிந்ததும் கறைதான், பேரில் விழுந்ததும் கறைதான். சட்டம் சொல்லும் இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

நிறத்தை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். சேலம் எட்டுவழிச் சாலையைப் 'பசுமை வழிச்சாலை' என்று எழுதினார்கள். மூலத்தில் இருந்தது கிரீன்ஃபீல்டு: புது நிலத்தில் புதிதாகப் போடும் சாலை, அவ்வளவுதான் பொருள். விளைநிலம் போகிறதே என்று தவித்தவர்களிடம் போய்ப் பசுமை என்று சொன்னோம்.

அப்புறம் அந்தச் 'சிறுபான்மை வணிகம்'. சின்னக் கடை என்றுகூட ஒருவர் படிக்கலாம். இங்கே சிறுபான்மையினர் என்றால் மதமும் மொழியும் நினைவுக்கு வரும். அங்கே இனம்: கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆசியர், பூர்வகுடிகள். ஒரு நிறுவனம் இந்தப் பெயரைப் பெற, பொதுவாக, அதில் குறைந்தது 51 சதவீதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இத்தகைய இடங்களை ஒட்டிக் குடியிருந்தவர்களும் பல ஊர்களில் அவர்களே. நஞ்சு அவர்களுக்கு, மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் மட்டும் வேறு யாருக்கோ என்றால் எப்படி? 'பங்கேற்பு' என்று பூசி எழுதியதன் அடியில் இருப்பது இந்தக் கேள்வி. அந்தத் தலைப்பை நான் இப்படி எழுதுவேன்: "கறைநிலச் சீரமைப்பில் சிறுபான்மை இனத்தார் நிறுவனங்களுக்கும் பங்கு."