வரதட்சணையைக் ‘கொடை’ என்னாதீர்கள்

வரதட்சணைச் சாவைத் தமிழில் ‘மணக்கொடைச் சாவு’ என்று சொன்னது ஒரு கருத்தரங்கில் மறுபடியும் காதில் விழுந்தது. தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். இந்தச் சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை.

வரதட்சணை வடசொல். வரன் என்றால் மாப்பிள்ளை; தட்சிணை, சடங்கு முடிந்ததும் மனமுவந்து வைக்கும் காணிக்கை. மூலச் சொல்லே பொய் சொல்கிறது. அதைத் தமிழாக்க வந்தவர்கள் பொய்யையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டார்கள்.

முல்லைக்குப் பாரி தேர் தந்தான், அது கொடை. முல்லை கேட்கவில்லை. இங்கே எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேசி முடித்த பிறகுதான் தாம்பூலமே மாற்றுகிறார்கள். “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க” என்பதும் கேட்பதுதான். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது நன்றாகவே புரியும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்பதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 304பி பிரிவும் (இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 80) அப்படித்தான். மணமாகி 7 ஆண்டுக்குள் தீக்காயத்தாலோ வேறு இயல்பல்லாத வகையிலோ பெண் இறந்து, சாவதற்குச் சற்று முன் வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தியது தெரிந்தால், கணவன் வீட்டாருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. கேட்டுக் கேட்டுச் சாகடித்ததற்குக் கொடை என்றா பெயர்?

‘சீதனம்’ என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் தவறு, அதனால் வரும் கேடு இன்னும் பெரிது. ஸ்திரீதனம் என்பதன் திரிபு அது, பெண்ணின் சொத்து. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையிலும் சீதனம் பெண்ணுக்கு உரியதே. கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அது அவளுடையதே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியேற்றப்பட்ட பெண் தன் நகையைத் திரும்பக் கேட்கும் உரிமை அந்தச் சொல்லில் இருக்கிறது. வரதட்சணை, சீதனம் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், அவள் நகைகூட மாப்பிள்ளைக்குக் கொடுத்ததாகிவிடும்.

பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போடுவது; அதற்கு நேர் எதிரான வழக்கத்துக்கு ‘மாப்பிள்ளை விலை’ என்பதே சரி. ஊரில் சண்டை வந்தால் “விலைக்கு வாங்கின மாப்பிள்ளை” என்றுதானே பேசுகிறார்கள்? அந்தச் சொல் கூசுகிறது என்பவர்கள் வரதட்சணை என்றே எழுதட்டும். கொடை என்று மட்டும் எழுத வேண்டாம்.