மெத்தென்று இறக்கினால்தான் நல்ல விமானியா?

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஒரு மாலை. மழை ஓய்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் ஓட்டிவந்த விமானத்திலிருந்து படியிறங்கிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இப்படிப் போட்டுட்டீங்க? இடுப்பே போச்சு" என்றார். "தரை ஈரம்ங்கய்யா, வேணும்னேதான் அழுத்தி இறக்கினேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடுபாதையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது மெல்லத் தொட்டால், சக்கரம் தரையைப் பிடிக்காமல் தண்ணீர்மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இதை ஹைட்ரோபிளேனிங் என்போம். பிஎஸ்ஐ என்ற அலகில் அளந்த டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், எந்த வேகத்துக்கு மேல் அந்த ஆபத்து என்று தோராயமாகத் தெரியும். 100 பிஎஸ்ஐ என்றால் 90 நாட், மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர். நாங்கள் தரை தொடும் வேகமே கிட்டத்தட்ட அதுதான். அழுத்தி இறக்கினால் தண்ணீர்ப் படலம் கிழியும், சக்கரம் சுழலும், பிரேக் பிடிக்கும். மெத்தென்று இறக்கலாம் என்று மிதக்கவிட்டால் ஓடுபாதைதான் கரையும். சேலத்தில் இருப்பதே சுமார் 1,800 மீட்டர்.

அப்புறம் காற்று. நம் ஓடுபாதை வடகிழக்கு பார்த்தது. கிழக்கே சேர்வராயன் மலைப் பக்கமிருந்து 20 நாட் அடித்தால், அதில் 15 நாட் குறுக்குக் காற்று. நண்டு மாதிரிச் சாய்வாக வந்து, தொடும் முன் ரடரை, அதாவது வாலிலுள்ள சுக்கானை, மிதித்து மூக்கை நேராக்குவோம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். மழையில் ஏற்காடு ஏறியவர்களுக்குத் தெரியும்: கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்தினால் பைக் இழுத்துக்கொண்டு போய்விடும். டயருக்கு இருக்கும் பிடிப்பு கொஞ்சம்தான், பிரேக்கும் திருப்பமும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இங்கேயும் அப்படித்தான். காற்று அடிக்க அடிக்க மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும்; அப்போது ரிவர்ஸ், அதாவது வேகம் குறைக்க எதிர்ப்பக்கமாகத் திருப்பிய எஞ்சின் விசை, வால்பக்கமாக இழுத்து விமானத்தை இன்னும் ஓரத்துக்குத் தள்ளும். ரிவர்ஸைக் குறைத்து, பிரேக்கை விட்டு, நடுக்கோட்டுக்கு வந்து, பிறகுதான் மறுபடி பிரேக். எதிரே ஓடுபாதை தீர்ந்துகொண்டிருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க மனசு வராது. அதனால்தான் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறோம்.

இறங்காமல் மேலேறுவதையும் அதே அளவு பழகுகிறோம். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழை, பின்னாலிருந்து காற்று. சுமார் 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறையப் பாதி கடந்த பிறகே விமானம் தரை தொட்டது. ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை. அதைப் படித்த நாளிலிருந்து, பக்கத்து இருக்கையிலிருந்து அந்தச் சொல் வந்தால் ஏன் என்று கேட்பதில்லை. மேலேறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் விமானம் சட்டென்று மேலேறினால் பயப்படாதீர்கள், பணிப்பெண்ணிடம் கோபப்படவும் வேண்டாம். ஒருவேளை சென்னைக்கே திரும்பினாலும் சரி, இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிடுங்கள்.