அக்காவின் மூக்கும் நாலரை மடங்கு ஃபெர்ரியும்

பினாங்கில் என் அக்கா மகன் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தான். கதை சின்னது. மகனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைக்கிறது. ஃபெர்ரி ஏறி அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போய் ரயில் பிடிக்க வேண்டும். அம்மா இக்கரையில் நிற்கிறாள், அவ்வளவுதான். அம்மாவாக நடிக்க அக்காவையே பிடித்துவிட்டான். சம்பளம் கிடையாது, எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டையும் அவரே சமைத்துக் கொண்டுவந்தார். எனக்கு, வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்ப வெள்ளை அட்டை பிடிக்கிற வேலை.

முதல் ஷாட்டைக் கைப்பேசியில் எடுத்தான். அழுகைக் காட்சி, அதனால் முகத்துக்கு எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவன் எண்ணம். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. எடுத்ததைப் போட்டுக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டார். "என்னடா, என் மூக்கு இப்படியா இருக்கு?" கண்ணில் நீர் வழிகிறது, ஆனால் முகம் கேலிச்சித்திரம் மாதிரி உப்பியிருந்தது.

"லென்ஸ் சரியில்ல மாமா" என்றான். பாவம், லென்ஸ் என்ன செய்யும்?

ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கேமரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். தூரம் கூடினால் உருவம் அதே விகிதத்தில் சிறுக்கும். ஆக, காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதிவாகிறது. இதையே 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மூக்கு 200 சென்டிமீட்டரில், காது 212-இல். வித்தியாசம் வெறும் 6 விழுக்காடு. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நிற்கிற தூரம் மட்டும்தான். அங்கிருந்து எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே லென்ஸின் பொறுப்பு. நம்பாவிட்டால் 2 மீட்டரில் நின்று சாதாரண லென்ஸில் ஒரு படம், தொலைநோக்கு லென்ஸில் ஒரு படம் எடுத்து, முதல் படத்தில் முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள். தெளிவு குறையும், முகம் அதே முகம்.

இதில் உணர்ச்சி எங்கே வருகிறது? எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளிகளை வகுத்துச் சொன்னார். சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வருபவர்கள் நமக்கு மிக நெருக்கமானவர்கள்: குழந்தை, துணைவர், இல்லாவிட்டால் சண்டைக்கு வருகிறவர். அதிலிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்களின் எல்லை. அதற்கப்பால் கடைக்காரர், அலுவலகத்தார். ஒருவருடைய முகம் எந்தத் தூரத்தில் எப்படித் தெரியும் என்பது வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து நமக்குள் பதிந்த விஷயம். அரங்கில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, கேமரா எங்கே நின்றது என்பது அந்த முகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. 30 சென்டிமீட்டரில் எடுத்த முகத்தைப் பார்க்கும்போது, யாரோ நம் மூக்கோடு மூக்காக வந்து நிற்பதுபோல் ஒரு சங்கடம். பைத்தியம், பயம், நகைச்சுவை இவற்றுக்கு அந்தச் சங்கடம் தேவை. மகனை வழியனுப்பும் அம்மாவுக்கு அது ஒத்துவராது.

சரி, இரண்டாம் நாள் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தான். 24 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, 120 மில்லிமீட்டர் ஒன்று. இந்த எண் எத்தனை மடங்கோ, உருவமும் அத்தனை மடங்கு பெரிதாகப் பதிவாகும். கடலோரத்தில் அக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஏறக்குறைய 90 மீட்டரில் ஃபெர்ரி. 24-ஐ மாட்டி 2 மீட்டரில் நின்று எடுத்தான். ஃபெர்ரி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அப்புறம் அக்காவிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போய் 120-ஐ மாட்டினான். அக்கா அதே அளவில்தான் இருக்கிறார், ஏனென்றால் தூரமும் ஐந்து மடங்கு, உருப்பெருக்கமும் ஐந்து மடங்கு. ஆனால் ஃபெர்ரிக்குத் தூரம் 92 மீட்டரிலிருந்து 100-ஆகத்தான் கூடியது. உருப்பெருக்கம் மட்டும் ஐந்து மடங்கு. விளைவு, ஃபெர்ரி நாலரை மடங்கு பெரிதாகி அக்காவின் தோளுக்குப் பின்னால் சுவர்போல் எழுந்து நின்றது. பிள்ளையைக் கொண்டுபோகப் போகிற கப்பல் அது என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஷாட்டுக்குள் செய்தால் என்ன ஆகும்? கேமரா நகர நகர, அதற்கு ஈடாக ஜூமும் மாறிக்கொண்டே வரும். முன்னால் இருப்பது அப்படியே நிற்க, பின்னணி மட்டும் ரப்பர்போல் இழுபடும். 1958-இல் இயக்குநர் ஹிட்ச்காக் 'வெர்டிகோ' படத்தில் உயரத்துக்குப் பயப்படுகிறவனின் தலைசுற்றலைக் காட்ட இதைத்தான் பயன்படுத்தினார். நிஜ வாழ்க்கையில் நம் கண் இப்படி ஒன்றைப் பார்ப்பதே இல்லை. நடந்தால் எல்லாமே சேர்ந்துதான் பெரிதாகும். அதனால்தான் மூளை தடுமாறுகிறது. நம் ஊர்த் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் முகத்தை மூன்று தடவை படார் படார் என்று ஜூம் செய்வார்களே, அது வேறு ஜாதி. கேமரா நகர்வதே இல்லை, படம் பெரிதாகிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் வேலை செய்வது இசை மட்டும்தான்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. பினாங்கில் உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை. நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுவதால் 1.15, 1.20 வாக்கில்தான் வருகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அப்போது சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்து இரண்டு கறுப்புப் பள்ளங்கள் ஆகிவிடும். கண் தெரியாத முகத்தோடு நாம் ஒட்டுவது கஷ்டம். 1972-இல் 'காட்ஃபாதர்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்டன் வில்லிஸ் இதையே வேண்டுமென்று செய்தார்: விளக்குகளைத் தலைக்கு மேல் வைத்து, மாஃபியா தலைவராக நடித்த மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் ஒளித்தார். அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று கடைசிவரை நம்மால் ஊகிக்க முடியாது. அக்காவுக்கு அது வேண்டாம் என்பதால் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீட்டு அஞ்சடிக்குள், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதைக்குள், நகர்ந்தோம். மேலே கூரை, எதிரே வெயில் விழும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் முழுவதுமே ஒரு பெரிய விளக்கு. விளக்கு பெரிதாக ஆக நிழலின் ஓரம் மென்மையாகும். என் அட்டைக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

மாமாக் கடைக்குள் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) எடுத்த காட்சி மட்டும் கெட்டுப்போனது. டியூப் லைட் துடித்துக்கொண்டே இருந்தது. மலேசிய மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் விழ வழக்கமாக விடும் 1/48 விநாடி அதோடு பொருந்தாது. ஒவ்வொரு சட்டகத்திலும் வெளிச்சம் கொஞ்சம் மாறும். 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். மறுநாள் அப்படி எடுத்தோம்.

கடைசி ஷாட்டுக்குத் திரும்பவும் கடலோரம் போனோம். அவன் 10 மீட்டர் தள்ளிப் போய்விட்டான், கேமரா கண்ணுக்கே உறுத்தவில்லை. முதல் நாள் அழுது நடித்த அக்கா, இப்போது நடிக்க மறந்து, போகிற ஃபெர்ரியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி, "முடிஞ்சிருச்சா?" என்றார். அதையும் அவன் வெட்டாமல் வைத்துக்கொண்டான்.