ஐந்து கண்ணிக்கு ஏழு வரிசை

குன்னூரில் டிசம்பர் பிறந்தால் என் வேலையே மாறிவிடும். நிட்டிங் கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைந்து, முடியாத ஸ்வெட்டரைப் பையில் திணித்து எடுத்து வருபவர்கள் கூடிவிடுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் தனித்தனியாக அழகாகத்தான் இருக்கும். கையை உடலோடு சேர்த்த இடத்தில் சறுக்கியிருப்பார்கள்.

போன வாரம் வந்த பாட்டி, ஆறு வயதுப் பேரனுக்கு நீல உல்லனில் பின்னியிருந்தார். "ஒரு கண்ணி விடாம எண்ணித்தான் தைச்சேன் அம்மிணி. தோள்ல பஃப் கை மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்குது. பையன் கையைத் தூக்கவே மாட்டேங்கிறான்" என்றார்.

தைத்த விதத்தைக் கேட்டேன். பின்னலில் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி; ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பின்னி முடித்தால் ஒரு வரிசை. கையின் ஒரு கண்ணிக்கு உடலின் ஒரு வரிசை என்று, ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் கண்ணியும் வரிசையும் ஒரே அளவு இல்லையே!

பின்னிய துண்டு ஒன்றை எடுத்து இஞ்ச் டேப் வைத்துப் பாருங்கள். சாதாரண பின்னலில் கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம். பாட்டியின் பின்னலில் ஓர் அங்குல அகலத்துக்கு 5 கண்ணி, ஓர் அங்குல உயரத்துக்கு 7 வரிசை. தோளில் வளைவு வெட்டாத நேர்க்கை ஸ்வெட்டரில், கையின் மேல் விளிம்பு முழுக்கக் கண்ணிகள். அது போய்ச் சேரும் உடலின் பக்க விளிம்பு முழுக்க வரிசைகள். கையின் மேல்சுற்று 12 அங்குலம், அதாவது 60 கண்ணி. அதற்கு உடலில் முன்னால் 6, பின்னால் 6 என 12 அங்குலம் வேண்டும். அது 84 வரிசை. பாட்டி 60 வரிசையோடு நிறுத்திவிட்டார். எட்டரை அங்குலத்துக்குள் 12 அங்குலத்தை அடைத்தால் புடைக்காமல் என்ன செய்யும்? மிச்ச 24 வரிசையும் பக்கத் தையலுக்குள் போய், கைக்குழி சிறுத்துவிட்டது. பையன் கையைத் தூக்காததற்கு அடம் காரணமில்லை.

சரி, எப்படித் தைப்பது? துண்டுகளை முதலில் நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, அளவுக்கு இழுத்து நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். சுருண்ட ஓரத்தை வைத்துக்கொண்டு நேராகத் தைக்க யாராலும் முடியாது. அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸை எடுக்காதீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் உல்லனில் பெரும்பங்கு அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சூடு பட்டால் துவண்டுபோய்விடும், பழைய நிலைக்கு வராது.

அப்புறம் தோள் தையலை மட்டும் போட்டு, உடலைத் தரையில் விரியுங்கள். கையின் நடுக்கண்ணியைத் தோள் தையலில் வைத்து ஊக்கு குத்துங்கள். தோளிலிருந்து இருபுறமும் 6 அங்குலம் அளந்து, கையின் இரு முனைகளுக்கும் ஊக்கு. நடுவில் இன்னும் ஒவ்வொன்று. ஊக்கு குத்தும்போதே கை சுருங்காமல் படுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடலின் ஓரத்தை லேசாக இழுத்தால் முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே ஏணிப்படிபோலக் குறுக்கு நூல்கள் தெரியும். ஒரு வரிசைக்கு ஒரு படி. கையின் மூன்று கண்ணிக்கு ஒவ்வொரு படி, அடுத்த இரண்டு கண்ணிக்கு இரண்டிரண்டு படி என்று சேர்த்துத் தையுங்கள். ஐந்து கண்ணியில் ஏழு படி கடந்திருப்பீர்கள். உங்கள் பின்னலின் கணக்கு வேறாக இருக்கலாம். அளந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை தையலை நீளவாக்கில் இழுத்துவிடுங்கள். தையலும் பின்னலோடு சேர்ந்து நீள வேண்டும்.

இதனால்தான் மெஷினில் கொடுத்துக் கை ஏற்றாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். நேர்த்தையல் நீளாது. கையைத் தூக்கினால் தையல் அறும். இல்லையென்றால் அந்த நூல் உல்லனை அறுக்கும். ஒரு கண்ணி அறுந்தால் கீழே வரை ஓடும். அப்படி ஓடியதைத் தூக்கிக் கட்டும் வேலைக்கு நான் வாங்கும் கூலி, தைத்த கூலியைவிட அதிகம்.

கை நீளத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. இந்த வகையில் தோள் விளிம்பு புஜத்தில் இறங்கி நிற்கும். தோள் எலும்பிலிருந்து அளந்து பின்னினால் கை விரலை மூடும். பின்கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து, ஸ்வெட்டர் அகலத்தில் பாதியைக் கழியுங்கள். இந்தப் பையனுக்கு 20 அங்குலம், அகலம் 14. கை 13 அங்குலம் போதும்.

தைக்காமல் வட்ட ஊசியில் (இரு ஊசிமுனைகளை வளையும் வடம் இணைத்திருக்கும்) உடலையும் கைகளையும் ஒன்றாகச் சேர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஐஸ்லாந்தின் லோபாபெய்சா ஸ்வெட்டர் அப்படித்தான் உருவாகிறது. நிட்டிங் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் வகுத்த விகிதம் இங்கே கைகொடுக்கும்: உடலின் கண்ணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேல்கைக்கு, 8 சதவீதம் அக்குளுக்கு. உடலில் 180 என்றால் கைக்கு 60, அக்குளுக்கு 14. உடலில் இரு பக்கமும் 14, ஒவ்வொரு கையிலும் 14 கண்ணியைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, மிச்சம் 244 கண்ணியை ஒரே ஊசியில் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கடைசியில் 14-ஐயும் 14-ஐயும் ஊசிநூலால் கண்ணிக்குக் கண்ணி இணைக்கும்போது, அக்குளின் இரு மூலையிலும் ஓட்டை விழும். அது எல்லாருக்கும் விழுவதுதான். நூல் நுனியை நீளமாக விட்டு வைத்திருந்தால் அதிலேயே சுற்றி இழுத்து மூடிவிடலாம்.

பாட்டியின் ஸ்வெட்டரில் அக்குளுக்குக் கீழே ஒன்றேமுக்கால் அங்குலம் பக்கத் தையலைப் பிரித்து, கைகளைக் கழற்றினோம். பிரிப்பதற்குள் எனக்குக் கண் வலித்துவிட்டது. அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார். போட்டுப் பார்க்கும் வரை நூல் நுனிக்கு முடிச்சு போடாதீர்கள். வலது கையை நான் தைத்தேன். இடது கையை அவரே வாங்கிக்கொண்டு, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லித் தைத்தார். மறுநாள் பையனைக் கூட்டி வந்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டி எடுக்கச் சொன்னேன். எக்கி எடுத்தான்.