புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு: சம உயரக் கோடுகளை வரைவதும் படிப்பதும்

மலைப்பகுதி ஒன்றின் நிலவரைபடத்தை விரித்தால் நெளிந்து நெளிந்து ஓடும் பழுப்பு நிறக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும். சாலை, ஆறு, ஊர் எல்லாம் தரையில் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்கலாம். இந்தக் கோடுகளைத் தரையில் எங்கும் பார்க்க முடியாது. விமானப் படங்களைக் கருவியில் வைத்து ஒரே உயரத்தைத் தொடர்ந்து தடம் பிடித்து வரையும் முறை உண்டு என்றாலும், அடிப்படையான முறை வேறு: சில புள்ளிகளில் உயரத்தை அளப்பார்கள், அவற்றுக்கு நடுவே நிலம் எப்படி இருக்கும் என்று யோசித்துக் கோட்டை ஓட்டுவார்கள். கோட்டில் பெரும்பகுதி ஊகம். நல்ல ஊகத்துக்கும் மோசமான ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிட்டால் இந்த வரைபடங்களைப் படிப்பது தானாக வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் படிப்பதற்கு முன் ஒரு தடவையாவது கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதை அழகாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் இருக்கிறது. 1774இல் பிரிட்டனின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின், ஸ்காட்லாந்தில் உள்ள ஷிஹாலியன் என்ற மலையின் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சோதனை செய்தார். மலை தன் ஈர்ப்பால் குண்டைச் சற்றே தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதையும் மலையின் பருமனையும் அறிந்தால் பூமியின் சராசரி அடர்த்தியைக் கணக்கிடலாம். மலையைச் சுற்றி ஏராளமான இடங்களில் உயரம் அளந்தார்கள். கணக்குப் போடும் வேலை சார்லஸ் ஹட்டன் என்ற கணிதவியலாளரிடம் வந்தது. அவர் முன்னால் இருந்தது எண்கள் நிரம்பிய ஒரு தாள். அதைப் பார்த்தால் மலையின் வடிவம் பிடிபடவில்லை. ஒரே உயரம் கொண்ட புள்ளிகளை மெல்லிய கோடுகளால் இணைத்தார். மலை உருவம் கொண்டது. 1778இல் வெளியான அவர் கணக்குப்படி பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 4.5 மடங்கு. இன்றைய மதிப்பு சுமார் 5.5. ஒரு மலையை வைத்துப் பூமியையே எடைபோட்டவர்களுக்கு இது நெருங்கிய விடைதான்.

இந்த யோசனை ஹட்டனுக்கு முன்பே வேறு அளவுகளுக்குப் பயன்பட்டது. வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி, பாரமூர் என்ற கப்பலில் அட்லாண்டிக் கடலைச் சுற்றிவந்து, திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று இடம் இடமாக அளந்தார். ஒரே அளவு விலகல் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701இல் வெளியிட்டார். 1817இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் சராசரி வெப்பநிலைக்கு இதையே செய்தார். அவருடைய கோடுகள் அட்சக்கோடுகளுக்கு இணையாக ஓடாமல் வளைந்தன. ஒரே அட்சத்தில் இருந்தாலும் மேற்கு ஐரோப்பா வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைவிட வெதுவெதுப்பானது என்பது ஒரு பார்வையில் தெரிந்தது. உயரம், அழுத்தம், மழை, வெப்பம், கடல் ஆழம், உப்புத்தன்மை என்று எதை எடுத்தாலும் சரி, இடத்துக்கு இடம் சீராக மாறும் அளவாக இருந்தால் சமக்கோடு வரையலாம்.

சரி, ஒரு சமக்கோடு உண்மையில் என்ன செய்கிறது? ‘ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு’ என்று பாடப்புத்தகம் சொல்லும். தவறில்லை. ஆனால் எனக்கு இன்னும் உதவியாகத் தோன்றுவது வேறொரு பார்வை: 50 மீட்டர் கோடு, 50க்கு மேலான நிலத்தையும் கீழான நிலத்தையும் பிரிக்கும் எல்லை. கடல் மட்டம் 50 மீட்டர் ஏறினால் புதிய கடற்கரை எங்கே அமையுமோ அதுதான் அந்தக் கோடு. இப்படிப் பார்த்தால் மனப்பாடம் செய்யச் சொல்லும் விதிகள் எல்லாம் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

கோடு வரைபடத்தின் நடுவில் சட்டென்று முடிந்துவிட முடியாது. முடிந்தால், அதன் நுனியைச் சுற்றிக்கொண்டு 50க்கு மேலான நிலத்திலிருந்து கீழான நிலத்துக்கு, வழியில் எங்கும் 50ஐத் தொடாமலே நடந்து போய்விடலாம். அது நடக்காத காரியம். ஆகவே கோடு தன்னோடு தானே வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் தாளின் ஓரம்வரை போக வேண்டும். வெவ்வேறு உயரக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டவும் கூடாது. வெட்டினால் ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் வந்துவிடும். செங்குத்தான பாறை முகத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்று படியலாம், முன்னால் துருத்தி நிற்கும் பாறையில் மட்டுமே உண்மையில் வெட்டிக்கொள்ளும்.

கோடு இரண்டாகக் கிளை பிரியலாமா? பிரிந்தால் அந்த முனையைச் சுற்றி மூன்று பகுதிகள் வரும். கோட்டின் ஒருபுறம் உயர்வு, மறுபுறம் தாழ்வு என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் எதிரெதிராக இருக்க வேண்டும். மூன்று பகுதிகளை அப்படி அமைக்கவே முடியாது. நான்கு என்றால் முடியும்: உயர்வு, தாழ்வு, உயர்வு, தாழ்வு. நிலத்தில் அப்படிப்பட்ட இடம் உண்டு. இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து, இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் கணவாய் அது. வரைபவரைத் திணறவைக்கும் இடமும் அதுதான்.

இப்போது பென்சிலை எடுங்கள். தாளில் இரண்டு புள்ளிகள், 6 செ.மீ. தள்ளித் தள்ளி. ஒன்று 43 மீட்டர், மற்றொன்று 58 மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு கோடு வேண்டும் என்றால் இவற்றுக்கு நடுவே 45, 50, 55 ஆகிய மூன்றும் கடந்தாக வேண்டும். மொத்த ஏற்றம் 15 மீட்டர். 43இலிருந்து 50க்கு 7 மீட்டர் ஏற்றம். ஆகவே 6 செ.மீ.யில் பதினைந்தில் ஏழு பங்கு, அதாவது 2.8 செ.மீ. தொலைவில் ஒரு குறி. அதே கணக்கில் 45க்கு 0.8 செ.மீ., 55க்கு 4.8 செ.மீ. இப்படி அண்டைப் புள்ளிகளின் ஒவ்வொரு ஜோடிக்கும் குறி போட்டு, அப்புறம் 50 குறிகளை எல்லாம் ஒரே ஓட்டமாக இணைக்க வேண்டும். பழகிவிட்டால் கணக்கே வேண்டாம், கண் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நிலம் ஒரே சீராகச் சரிகிறது. அங்கேதான் நில அளவையாளரின் திறமை. புள்ளிகளைக் கண்டபடி தூவினால் இந்த நம்பிக்கை பொய்த்துவிடும். சிகரத்தின் உச்சி, ஓடையின் படுகை, சரிவு சட்டென்று மாறும் விளிம்பு ஆகியவற்றில் அளக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் 60 மீட்டரில் ஒவ்வொரு புள்ளி இருந்து, 40 மீட்டரில் உள்ள படுகையை அளக்காமல் விட்டால், கணக்கு அந்த இரண்டையும் நேராக இணைத்து ஓடைக்குக் குறுக்கே இல்லாத அணை ஒன்றைக் கட்டிவிடும். கணினியும் இதே தவறைச் செய்யும். அது அண்டைப் புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்ளும். அப்படிப் பிரிப்பதற்கு 1934இல் ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலானே தந்த விதி இன்றும் பயன்படுகிறது. எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் (மூன்று மூலைகள் வழியாகவும் போகும் வட்டம்) வேறு புள்ளி வரக்கூடாது என்பது அந்த விதி. ஒல்லியான, நீளமான முக்கோணங்களை அது கூடியவரை தவிர்க்கும். ஆனால் ஓடை எங்கே ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ‘இந்தக் கோட்டைத் தாண்டி இணைக்காதே’ என்று ஓடையையும் முகட்டையும் மனிதர் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கணவாயின் சிக்கலுக்கு வருவோம். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளை வரிசையாகச் சுற்றிவந்தால் 62, 41, 58, 43 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் கோடு நான்கு பக்கங்களையும் கடக்கும். நான்கு குறிகளை இரண்டிரண்டாக இணைக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே விதிகளுக்கு உட்பட்டவை. ஒரு வழியில் உயர்ந்த மூலைகள் இரண்டும் ஒரு முகடாகச் சேரும். இன்னொன்றில் தாழ்ந்த மூலைகள் இரண்டும் ஒரு பள்ளமாகச் சேரும். மூலைகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. வழக்கமான உபாயம், நான்கின் சராசரியை நடுப்புள்ளியின் உயரமாகக் கொள்வது. இங்கே 51 வருகிறது, 50க்கு மேல். ஆகவே முகடு சேர்கிறது என்று முடிவு செய்வோம். இது வசதிக்காக எடுத்த முடிவுதான். நடுவில் ஒரே ஒரு அளவு எடுத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது.

வரைந்து பழகியவருக்குப் படிப்பது எளிது. 1:50,000 அளவுத்திட்டத்தில் (தாளில் 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர்) 20 மீட்டருக்கு ஒரு கோடு உள்ள வரைபடத்தில் இரண்டு கோடுகள் 2 மி.மீ. தள்ளி இருந்தால், தரையில் 100 மீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏற்றம். சுமார் 11 பாகைச் சரிவு. ஏறலாம், மூச்சு வாங்கும். அதே கோடுகள் அரை மி.மீ. நெருக்கத்தில் இருந்தால் 25 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம், ஏறத்தாழ 39 பாகை. அங்கே நிமிர்ந்து நடக்க முடியாது. உச்சிக்குப் பக்கத்தில் கோடுகள் நெருங்கி அடிவாரத்தில் விலகினால் சரிவு குழிந்தது, கீழே நின்றால் உச்சி தெரியும். அடிவாரத்தில் நெருங்கி மேலே விலகினால் சரிவு புடைத்தது, உச்சி மறைந்துகொள்ளும். ஐந்துக்கு ஒன்று தடித்த கோடாக இருப்பது எண்ணுவதற்கு வசதியாக.

ஓடையைக் கடக்கும் கோடு ஒரு கூர்முனையாக வளையும், முனை நீர் வரும் திசையைக் காட்டும். இதில் பலருக்கும் குழப்பம். மலைச்சரிவில் 100 மீட்டர் உயரத்தில் நின்று, ஏறாமலும் இறங்காமலும் பக்கவாட்டில் நடப்பதாக நினைத்துப் பாருங்கள். ஓடைப் பள்ளம் வந்ததும் நேராகப் போனால் இறங்கிவிடுவீர்கள். உயரம் மாறக்கூடாது என்றால் பள்ளத்தின் ஓரமாகவே உள்ளே திரும்பி, ஓடையின் மேல்பக்கமாக, படுகையே 100 மீட்டரை எட்டும் இடம்வரை போய்க் கடந்து திரும்ப வேண்டும். நீங்கள் நடந்த பாதைதான் அந்த முனை. முகட்டில் இதற்கு நேர் எதிர்: முனை கீழ்நோக்கி நீளும்.

வானிலை வரைபடத்தின் சம அழுத்தக் கோடுகளுக்கும் இந்த நெருக்கம் பற்றிய பாடம் பொருந்தும், ஆனால் ஒரு முன்வேலை தேவை. தரைக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அளந்ததை அப்படியே போட்டால் வானிலைக்குப் பதில் மலைகளின் படமே கிடைக்கும். அதனால் எல்லா அளவுகளையும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே கோடு வரைகிறார்கள். கோடுகள் நெருங்கிய இடத்தில் காற்று பலமாக வீசும். ஆனால் தண்ணீர் சரிவில் ஓடுவதுபோல அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நேராக ஓடாது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிடுவதால் ஏறக்குறைய கோடுகளை ஒட்டியே வீசும்.

மழைப் படங்களில் ஒரு எச்சரிக்கை. சில படங்களில் ஒவ்வொரு மழைமானியைச் சுற்றியும் வட்டம் வட்டமாகக் கோடுகள் இருக்கும். அளந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த அளவுக்கே அதிக எடை கொடுக்கும் கணக்குமுறை உண்டாக்கும் வட்டங்கள் அவை. மானியைச் சுற்றி வட்டம் போட்டு மழை பெய்வதில்லை. அப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால், மழை எங்கே பெய்தது என்பதைவிட மானி எங்கே இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வேன். புள்ளிகளைக் காட்டாமல் கோடுகளை மட்டும் வெளியிடும் படங்களில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். புள்ளிகளையும் சேர்த்துப் போடுவதே நேர்மையான வழக்கம்.

உயர இடைவெளியும் ஒன்றை மறைக்கும். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 81 மீட்டரில் தொடங்கி 99 மீட்டரில் முடியும் 18 மீட்டர் குன்று எந்தக் கோட்டையும் தொடாமல் காணாமல் போகும். 79இலிருந்து 81 வரை எழும் இரண்டு மீட்டர் மேடோ ஒரு முழு வளையம் பெற்றுவிடும். கடைசிக் கோட்டுக்கு மேல் சிகரம் எவ்வளவு உயரம் என்பதையும் கோடு சொல்லாது. அதற்குத்தான் உச்சியில் எண்ணைத் தனியாக எழுதுகிறார்கள். தட்டையான நிலங்களில் முழுக் கோடுகளுக்கு நடுவே விட்டுவிட்டு வரைந்த துணைக்கோடுகளைப் பார்க்கலாம். வழக்கமான இடைவெளியில் பாதியை அவை காட்டும், தேவைப்படும் இடத்தில் மட்டும் ஓடும். விதிக்கு மாறாக இவை தாளின் நடுவிலேயே நின்றுவிடும். அங்கே கோடு முடிந்திருக்கிறதே தவிர, அந்த உயரம் முடியவில்லை.