ஸ்டார் கவுண்டி எப்படிச் சாய்ந்தது?

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், மெக்சிகோவைப் பார்த்தபடி இருக்கும் ஸ்டார் கவுண்டியில் வாழ்பவர்கள் ஏறத்தாழ எல்லோருமே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு என்று கொள்ளலாம். 2012 அதிபர் தேர்தலில் அங்கே பராக் ஒபாமாவுக்கு 86 சதவீத வாக்குகள் விழுந்தன. அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு 2016இல் 79 சதவீதமும், 2020இல் 52 சதவீதமும், 2024இல் 42 சதவீதமும் கிடைத்தன. 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் வென்றிராத அந்த மண்ணில் டொனால்டு டிரம்ப் வென்றார்.

இந்தச் சரிவுக்கு இரு தரப்பிலும் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. லிபரல் அரசியல்வாதிகள் (பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர்) எல்லையைத் திறந்துவிட்டார்கள், குற்றவாளிகளிடம் இளகினார்கள், சாதாரணக் குடும்பத்தின் மளிகைச் செலவை மறந்து பல்கலைக்கழக மொழியில் பேசினார்கள் என்று தாங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது கடைசியில் மக்களுக்கு உறைத்துவிட்டது என்பது குடியரசுக் கட்சி சார்ந்த பழமைவாதிகளின் விளக்கம். பொய்ப் பிரச்சாரம் மக்களை மயக்கிவிட்டது என்பது லிபரல்களின் விளக்கம். ஒன்றையொன்று வெட்டுவதுபோல் தோன்றினாலும் இரண்டும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. விமர்சனம் காதில் விழுந்தது, அதனால் மனம் மாறியது, அதனால் வாக்கு மாறியது என்பதே அந்த அனுமானம். அரசியல் அறிவியலில் கடந்த அரை நூற்றாண்டாக நடந்துவரும் அளவீடுகள் இந்த வரிசையை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிப் பார்க்கலாம். ஸ்டார் கவுண்டியில் 2016இல் ஹிலாரி கிளின்டன் பெற்றவை சுமார் 9,300 வாக்குகள். டிரம்ப் பெற்றவை சுமார் 2,200. நான்கு ஆண்டுகள் கழித்து ஜோ பைடன் சுமார் 9,100 வாக்குகள் பெற்றார். டிரம்ப் சுமார் 8,200 வாக்குகள் பெற்றார். ஜனநாயகக் கட்சியின் எண்ணிக்கை அநேகமாக அசையவில்லை என்பதையும், எதிர்த்தரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியது என்பதையும் கவனியுங்கள். கட்சி மாறியவர்கள் சிலர் இருந்திருக்கலாம் என்றாலும், அந்தத் தேர்தலில் நடந்த பெரிய மாற்றம், முன்பு வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் வரிசையில் வந்து நின்றதுதான். 2024இன் கதை வேறு. டிரம்ப் சுமார் 9,500க்கு ஏறினார்; ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் சுமார் 6,900க்கு இறங்கினார். ஒரு தரப்பில் கூடியது 1,300, மறுதரப்பில் குறைந்தது 2,200 என்றால், இழந்தவர்களில் எத்தனை பேர் கட்சி தாவினார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதை இந்தக் கூட்டுத்தொகையிலிருந்து எவராலும் சொல்லிவிட முடியாது. தொகுதி அளவிலான எண்களை வைத்துத் தனி மனிதர்களின் மனத்தைப் படிப்பது புள்ளியியலில் மிகப் பழைய பொறிகளுள் ஒன்று. தேர்தல் இரவில் தொலைக்காட்சி விவாதக்காரர்கள் அதில் தவறாமல் விழுகிறார்கள்.

இதைத் தாண்டுவதற்கு ஆய்வாளர்களுக்கு அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது அங்கும் ரகசியம்தான்; ஆனால் அவர் வாக்களித்தாரா இல்லையா என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கும் தகவல். கருத்துக்கணிப்பில் பங்கேற்றவர்களின் விவரங்களை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, உண்மையிலேயே வாக்களித்தவர்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். பியூ ஆய்வு மையம் இந்த முறையில் கணக்கிட்டபோது, லத்தீன் வாக்காளர்களிடையே ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 2020இல் 61க்கு 36 ஆக இருந்தது, 2024இல் 51க்கு 48 ஆகச் சுருங்கியிருந்தது தெரியவந்தது. அதே ஆய்வில், வாக்களிக்காமல் இருந்தவர்களிடம் கேட்டபோது 44 சதவீதத்தினர் டிரம்பையும் 40 சதவீதத்தினர் ஹாரிஸையும் விரும்பினார்கள். எல்லோரும் வந்து வாக்களித்தால் நாமே வெல்வோம் என்று லிபரல் தரப்பு பல்லாண்டுகளாகக் கொண்டிருந்த நம்பிக்கை அந்த இடத்தில் உடைந்தது.

சரி, விமர்சனத்துக்கு இதில் பங்கே இல்லையா? ஜோஷ்வா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 2018இல் 49 களச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். வீடு தேடிப் போவது, தொலைபேசியில் பேசுவது, கடிதம் அனுப்புவது போன்ற பிரச்சார முறைகள் பொதுத்தேர்தலில் வாக்காளரின் தெரிவை எவ்வளவு மாற்றுகின்றன என்பது கேள்வி. சராசரியாகப் பூஜ்யம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. கட்சி அடையாளம் அமெரிக்கர்களிடம் அவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு விலக்கும் இருந்தது: வேட்பாளர் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் பெரும்பான்மையினருக்குப் பிடிக்காத நிலைப்பாட்டை எடுத்திருந்து, அதைக் கேட்டு அசையக்கூடியவர்கள் யார் என்று எதிர்த்தரப்பு தேடிக் கண்டுபிடித்துப் பேசினால், விளைவு தெரிகிறது. பழமைவாதப் பிரச்சாரத்தின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த விலக்குக்குள்தான் இயங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

2024இல் மிக அதிகம் பேசப்பட்ட டிரம்ப் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். சிறையிலும் குடியேற்றக் காவலிலும் இருக்கும் திருநர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை அரசுச் செலவில் கிடைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2019இல் ஹாரிஸ் எடுத்திருந்தார். அதைக் காட்டிவிட்டு, கமலா 'அவர்கள்' பக்கம், டிரம்ப் உங்கள் பக்கம் என்ற பொருளில் விளம்பரம் முடியும். ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லாத ஆங்கிலப் பிரதிப்பெயரின் மேல் கட்டிய சிலேடை அது. 'அவர்' என்ற சொல்லே பால் காட்டாத தமிழுக்குள் அது பாதி உயிரோடுதான் வரும். அந்தச் சிகிச்சையைப் பற்றி வலுவான கருத்துக் கொண்ட வாக்காளர்கள் குறைவு. விளம்பரம் குறிவைத்ததும் அந்தக் கருத்தை அல்ல. இந்த அம்மையாரின் கவலைப் பட்டியலில் நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன் என்ற கேள்வியை வாக்காளரின் மனத்தில் எழுப்புவதே அதன் வேலை.

இப்படிக் கேள்வியை மாற்றுவதன் ஆற்றலை முதன்முதலில் ஒழுங்காகச் சோதித்துக் காட்டியவர்கள் ஷாந்தோ ஐயங்கார், மார்க் பீட்டர்ஸ், டொனால்டு கிண்டர் என்ற மூவர். ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்த 1980இல், கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரவாசிகளை அழைத்து, நாளுக்கு ஒன்றாகச் சில நாட்கள் மாலைச் செய்தி ஒளிபரப்பைப் பார்க்கச் செய்தார்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியாமல், ஒரு குழுவுக்கு நாட்டின் ராணுவப் பலவீனம் பற்றிய செய்தித் துண்டுகளைச் சேர்த்திருந்தார்கள். வேறு குழுவுக்கு அந்தத் துண்டுகள் இல்லை. கடைசியில் கேட்டபோது, ராணுவச் செய்தி பார்த்தவர்கள் அதையே நாட்டின் பெரிய பிரச்சினைகளில் ஒன்றாகச் சொன்னதோடு நிற்கவில்லை. கார்ட்டர் நல்ல அதிபரா என்பதையும் அந்த அளவுகோலை வைத்தே கூடுதலாக எடைபோட்டார்கள்.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு வாக்காளர் கருக்கலைப்பு உரிமையில் ஒரு கட்சிக்குப் பத்துக்கு 8 மதிப்பெண்ணும், விலைவாசியில் 3 மதிப்பெண்ணும் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சம எடை என்றால் மொத்தம் 5.5, விலைவாசிக்கு 80 சதவீத எடை என்றால் மொத்தம் 4. மதிப்பெண் எதுவும் மாறவில்லை, அவர் எதைப் பற்றியும் மனம் மாறவில்லை, ஆனால் கட்சி அவரிடம் தேர்ச்சி பெறவில்லை. விமர்சனம் மாற்றுவது பெரும்பாலும் அந்த எடையைத்தான்.

'லிபரல்' என்ற சொல் ஒரு வசைச்சொல்லான வரலாறும் இதற்குள் அடங்கும். 1988இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் ஜூலை மாதக் கணிப்பில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். தற்காலிக விடுப்பில் வெளியே போன ஆயுள் கைதி ஒருவர் தப்பி, வேறொரு மாநிலத்தில் கொடுங்குற்றம் புரிந்த சம்பவத்தை குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) தரப்பு டுகாகிஸ் தலையில் கட்டியது. அந்தச் சொல்லைத் தவிர்த்துக்கொண்டே வந்த டுகாகிஸ், ரூஸ்வெல்ட், ட்ரூமன், கென்னடி வழியில் வந்த லிபரல்தான் நான் என்று அக்டோபர் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 8 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார். அந்த விளம்பரங்களை இன்றுவரை மந்திரம்போல் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. பொருளாதாரம் நன்றாக இருந்தது, பதவியிலிருந்து விலகும் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனுக்கு மக்களிடம் நல்ல பெயர் இருந்தது; அந்த இரண்டையும் வைத்துப் பார்த்தாலே புஷ் வென்றிருக்க வேண்டும், ஜூலை முன்னிலை கட்சி மாநாட்டின் சூட்டில் வந்த தற்காலிகக் கொதிப்பு. இருந்தாலும், அந்தச் சொல்லின் நிலைமை விசித்திரமானதுதான். தம்மைப் பழமைவாதி என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள், லிபரல் என்று சொல்லிக்கொள்பவர்களைவிட நெடுங்காலமாகவே அதிகம். காலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2024 கணக்கில் அது 37க்கு 25. அதே மக்களிடம் முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பள்ளிக்கூடச் செலவு என்று தனித்தனியாகக் கேட்டால் அரசு கூடுதலாகச் செய்ய வேண்டும் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் என்ற இருவர் 1967இலேயே இந்த முரணைக் குறித்துவைத்தார்கள். ஆகவே பேச்சு பெயரைச் சுற்றி நடந்தால் பழமைவாதிகளுக்கு லாபம், சரக்கைச் சுற்றி நடந்தால் லிபரல்களுக்கு லாபம்.

ஆனால் எடையை ஏற்றுவதற்கு முன்னால், ஏற்றுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை சுமார் 1.47 டாலர், இரண்டே ஆண்டில், பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, அது 4.82 டாலர் ஆனது. ஆண்டுப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டு, பிறகு வேகமாக இறங்கியது. வெள்ளை மாளிகை அந்த இறக்கத்தைக் காட்டி மக்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தது. பணவீக்கம் இறங்குவது என்றால் விலை ஏறும் வேகம் குறைகிறது என்றுதான் பொருள். ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். 2021 தொடக்கத்திலிருந்து 2024 அக்டோபர் வரை விலைவாசி மொத்தத்தில் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது, கடையில் பில் போடும்போது கண்ணில் படுவது அந்த 20 சதவீதம்தான். இதற்கும் லிபரல் கொள்கைக்கும் எவ்வளவு தொடர்பு என்று கேட்டால், 2024 ஜூலையில் பிரிட்டனில் ஆளுங்கட்சி படுதோல்வி கண்டதையும் பார்க்க வேண்டும். அங்கே ஆண்டுகொண்டிருந்தவர்கள் பழமைவாதிகள்.

எல்லைப் பிரச்சினையிலும் இதே கதைதான், ஒரு திருப்பத்தோடு. ஆற்றங்கரை ஊர்களின் தொல்லை நியூயார்க்வாசிக்குத் தொலைக்காட்சிச் செய்தியாகவே இருந்தது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2022 முதல், எல்லை கடந்து வந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வாஷிங்டன், நியூயார்க், சிகாகோ என்று லிபரல்கள் ஆளும் நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மன்ஹாட்டனில் பெயர்பெற்ற ரூஸ்வெல்ட் ஹோட்டல் புகலிடப் பதிவு மையமானது. 2023 கோடையில் அதன் வாசல் நடைபாதையில் மனிதர்கள் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்திருந்தார்கள். இந்தப் பிரச்சினை நியூயார்க்கை அழித்துவிடும் என்று அந்த செப்டம்பரில் பேசியவர் ஜனநாயகக் கட்சி மேயரான எரிக் ஆடம்ஸ். எதிரி சொல்லும் குறையை வாக்காளர் தள்ளுபடி செய்துதான் கேட்பார். சொந்தக் கட்சிக்காரரே அதைச் சொன்னால் அந்தத் தள்ளுபடி போய்விடும். அதே ஆண்டு டிசம்பரில் தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் சுமார் 2,50,000 பேர்.

இங்கேதான் இந்தத் துறையின் மிக அழகான கருத்து வருகிறது. கிறிஸ்டோபர் வ்லெஸியன் 1995இல், பொதுமக்கள் அறையின் வெப்பத்தைச் சீராக வைக்கும் கருவியான ஒரு தெர்மோஸ்டாட்போல் நடந்துகொள்கிறார்கள் என்று எழுதினார். அறை தாம் விரும்பியதைவிடச் சூடானால் குளிரக் கேட்பார்கள். குளிர்ந்ததும் போதும் என்பார்கள். அவர்கள் விரும்பும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, மாறுவது அறை. குடியேற்றத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று காலப் நிறுவனம் 1965 முதல் கேட்டு வருகிறது. எல்லையில் டிரம்ப் கடுமை காட்டிய காலத்தின் கடைசியில், 2020இல், கூட்டச் சொன்னவர்கள் 34 சதவீதம், குறைக்கச் சொன்னவர்கள் 28. கூட்டச் சொன்னவர்கள் முந்தியது அதுவே முதல் முறை. பைடனின் நான்காம் ஆண்டான 2024இல் குறைக்கச் சொன்னவர்கள் 55 சதவீதமானார்கள். டிரம்ப் திரும்பி வந்து, முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருக்களில் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, 2025 ஜூனில் அது 30 சதவீதத்துக்கு விழுந்தது. ஒரே ஆண்டில் 25 புள்ளிகள். 2024இல் நாடே எங்கள் கொள்கைக்கு வந்துவிட்டது என்று கொண்டாடியவர்கள் படித்தது வெப்பமானியை அல்ல, பொத்தான் எந்தப் பக்கம் அழுத்தப்பட்டது என்பதை மட்டும்.

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கும் இதுவே நேர்ந்தது. அது நிறைவேறிய 2010இல் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. அதை நீக்கப்போவதாகக் குடியரசுக் கட்சி உண்மையிலேயே கையை ஓங்கிய 2017இல் அந்தச் சட்டத்தை ஆதரிப்போர் எதிர்ப்போரைவிட அதிகமானார்கள். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்களில் அதிபரின் கட்சி அந்தச் சபையில் இடங்களை இழப்பது 1938 முதல் 2022 வரை 1998, 2002 ஆகிய இரண்டே முறை தவறியிருக்கிறது.

நியூஜெர்சி மாநிலத்தில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெருமளவில் வாழும் பஸாயிக் கவுண்டியை, அதிபர் தேர்தலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியரசுக் கட்சிக்கு எட்டாமல் இருந்த இடத்தை, 2024இல் டிரம்ப் வென்றிருந்தார். 2025 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் அது ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரிலுக்குத் தெளிவான வித்தியாசத்தில் திரும்பிவிட்டது. திரும்பியவர்கள் மனம் மாறியவர்களா, அல்லது முந்தைய ஆண்டு வந்தவர்கள் இந்த முறை வீட்டிலேயே இருந்துவிட்டார்களா என்பதற்கு விடை, யார் வாக்களித்தார் என்ற அந்தப் பொதுப் பதிவேட்டில்தான் இருக்கிறது.